தள்ளுபடிச் சீட்டும் தராசுத் தட்டும்: சாகணின் மளிகைக் கணக்கு

மகாராஷ்டிராவில் புணே அருகேயுள்ள சாகணில் சனிக்கிழமை வாரச்சந்தை. விடிந்ததும் கேட் தாலுகா கிராமங்களிலிருந்து டெம்போக்கள் வந்து நிற்கின்றன. தார்ப்பாயில் கொட்டிய வெங்காயம், மண் உதிராத உருளைக்கிழங்கு, ஈரம் சொட்டும் வெந்தயக்கீரைக் கட்டுகள். புணே–நாசிக் நெடுஞ்சாலையின் தளேகாவ் சௌக்கில் கார்களை அடுக்கிய நீள லாரிகள் நகர வழியில்லாமல் நிற்கின்றன. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து பாதி வழியிலேயே இறங்கி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சந்தைக்குள் நுழைகிறார்கள். கால் கிலோ, அரைக் கிலோ என்று மராத்தியில் பேரம் நடக்கிறது. அதே நேரத்தில் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கினால் இவ்வளவு தள்ளுபடி, கூப்பன் இன்று நள்ளிரவு வரைதான் என்கிறது செய்தி.

தராசும் கூப்பனும் இரண்டுமே பணத்தை மிச்சப்படுத்தித் தருவதாகத்தான் சொல்கின்றன. மாதக் கடைசியில் வீட்டில் உண்மையாகவே எது மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்த்தால், கூப்பனின் பங்கு மிகச் சிறியது. எந்தப் பொருளை எங்கே, எந்தப் பருவத்தில், எந்த அளவில் வாங்குவது என்ற தேர்வுதான் பெரும்பகுதியை மிச்சப்படுத்துகிறது. அந்தத் தேர்வைச் செய்யும் வசதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் சாகணின் பிரச்சினை.

வெங்காய ஊர், வாகன ஊர்

1660-ல் முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கானின் படையை ஏறத்தாழ 2 மாதம் எதிர்த்து நின்ற சங்க்ராம் துர்கா கோட்டையால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் சாகண். பிறகு நெடுங்காலம் வெங்காய, உருளைக்கிழங்கு வணிகத்தாலும் மாட்டுச் சந்தையாலும் அறியப்பட்டது. இங்குள்ள மகாத்மா புலே மார்க்கெட், கேட் வேளாண் விளைபொருள் சந்தைக் குழுவின்கீழ் இயங்குகிறது. 1990-களின் கடைசியில் பஜாஜ் ஆட்டோ ஆலை வந்தது. 2009-ஐ ஒட்டி மெர்சிடஸ்-பென்ஸ், வோக்ஸ்வேகன், மஹிந்திரா வந்தன. உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் பின்தொடர்ந்தன. 2015-ல் ஊர் நகராட்சியானது.

ஆலைகளோடு மனிதர்களும் வந்தார்கள். மஹாளுங்கே, நிகோஜே, கராப்வாடி, மேதன்கர்வாடி, குருளி ஆகிய கிராமங்களில் வரிசை வரிசையாக வாடகை அறைகள் எழுந்தன. பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, மராத்வாடா, விதர்பா, தமிழ்நாடு என்று பல ஊர்க்காரர்கள் அவற்றில் தங்குகிறார்கள். ஓர் அறையில் நான்கைந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் சேர்ந்து சமைக்கிறார்கள். சற்றுத் தள்ளி அடுக்குமாடிக் குடியிருப்பில் பொறியாளர் குடும்பம். இரண்டு வீட்டிலும் துவரம்பருப்புதான் வேகிறது. ஆனால் ஒரே பருப்புக்கு இரண்டு வீடும் கொடுக்கும் விலை வேறு.

மத்திய அரசின் 2023–24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புறத்தில் ஒருவருக்கு ஆகும் மாதச் செலவு சராசரியாக 6,996 ரூபாய். அதில் உணவுக்குப் போவது சுமார் 40 சதவீதம். கிராமப்புறத்தில் 4,122 ரூபாய். உணவின் பங்கு 47 சதவீதம். வருமானம் குறையக் குறைய அடுப்படியின் பங்கு கூடும். அதனால் மளிகையில் மிஞ்சும் 200 ரூபாய், பொறியாளர் வீட்டைவிட ஒப்பந்தத் தொழிலாளியின் அறையில் பல மடங்கு பெறுமானம் உடையது.

கூப்பன் வந்த வழி

தள்ளுபடிச் சீட்டு என்ற உத்தியின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1880-களின் கடைசியில் அமெரிக்காவின் அட்லான்டாவில் கொக்கோ கோலா வினியோகித்த இலவசச் சீட்டு. பிறகு அங்கே செய்தித்தாளில் கூப்பனைக் கத்தரித்து எடுத்துப்போவது வீட்டுப் பழக்கமானது. தயாரிப்பாளர் சீட்டை வெளியிடுவார். கடைக்காரர் விலையைக் குறைத்துக்கொடுப்பார். அந்தத் தொகையைத் தயாரிப்பாளர் கடைக்குத் திருப்பித் தருவார்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு அப்படியே வேரூன்றவில்லை. பொட்டலத்தில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்படும் நாடு இது. தள்ளுபடியும் பொட்டலத்தின் மேலேயே ஏறிவிட்டது. ‘10 ரூபாய் குறைவு’, ‘20 சதவீதம் அதிகம்’, ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பவைதான் இங்கே கூப்பன்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. கடலூரில் 1983-ல் தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், காலியான ஷாம்பு சாஷேக்களைக் கொண்டுவந்தால் சிக் ஷாம்பு சாஷே இலவசம் என்று அறிவித்தார். தொடக்கத்தில் எந்த நிறுவனத்தின் உறையும் ஏற்கப்பட்டது, பின்னர் சிக் உறை மட்டும். அச்சடித்த சீட்டே இல்லாத கூப்பன் அது. கிராமத்து வாடிக்கையாளரைக் கடைவரை நடக்கவைத்தது.

2000-க்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் இரண்டு கொள்கைகள் மோதின. 2001-ல் கிஷோர் பியானி தொடங்கிய பிக் பஜார், திருவிழாபோல விற்றது. 2006 ஜனவரி 26-ல் அது நடத்திய ‘மிக மலிவான நாள்’ விற்பனையில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. 2002-ல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த ராதாகிஷண் தமானியின் டிமார்ட் எதிர்வழியில் போனது. பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை, சப்ளையருக்கு விரைவாகப் பணம், அதனால் கிடைக்கும் குறைந்த கொள்முதல் விலை, எல்லா நாளிலும் ஒரே மாதிரியான தள்ளுபடி. பிக் பஜாரின் தாய் நிறுவனமான ஃப்யூச்சர் ரீடெய்ல் 2022-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதன் கடன் சுமைக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் வாங்குகிறவருக்கு ஒன்று புலப்படுகிறது. என்றைக்கும் குறைந்த விலை வைக்கும் கடைக்குத் தேதி பார்த்துப் போகவேண்டியதில்லை. கையிருப்புத் தீரும்போது போனால் போதும்.

தொழிற்பேட்டைக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சீட்டு, உணவு வவுச்சர். ஒரு காலத்தில் சொடெக்ஸோ காகிதச் சீட்டு மளிகைக் கடையில் ரூபாய் நோட்டுக்கு ஈடாகப் புழங்கியது. ரிசர்வ் வங்கியின் 2017 விதிகளுக்குப் பிறகு காகிதம் போய் அட்டை வந்தது. பழைய வருமான வரி முறையில் ஒரு வேளை உணவுக்கு 50 ரூபாய்வரை வரி இல்லை என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 22 வேலை நாளுக்கு, நாளொன்றுக்கு இரண்டு வேளை என்றால் மாதம் 2,200 ரூபாய். இதன் பலன் வரி கட்டுகிற அளவு சம்பளம் வாங்குவோருக்கு மட்டுமே. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிடைப்பது கேண்டீன் டோக்கன்தான்.

தள்ளுபடி தின்னும் பணம்

கூப்பனில் பணம் கரையும் இடம், அதன் குறைந்தபட்சத் தொகை. 1,500 ரூபாய்க்கு வாங்கினால் 75 ரூபாய் தள்ளுபடி என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்குத் தேவையான சாமான் 1,180 ரூபாய்க்குத்தான் வருகிறது. மீதி 320 ரூபாய்க்குப் பிஸ்கட், நூடுல்ஸ், இரண்டாவது ஷாம்பு ஏறுகின்றன. பில் 1,425. தள்ளுபடி கிடைத்துவிட்டது, கையிலிருந்து 245 ரூபாய் கூடுதலாகப் போயும் விட்டது. வாங்கியது கெடாத பொருளாகவும், அடுத்த மாதம் எப்படியும் வாங்கியாக வேண்டியதாகவும் இருந்தால் மட்டுமே அந்த 75 ரூபாய் லாபம். சோப்பு, உப்பு, துவைக்கும் பவுடர், எண்ணெய் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். தின்பண்டத்துக்குப் பொருந்தாது. வீட்டில் இருந்தால் அது தீர்ந்துவிடும்.

பயணம் இன்னொரு செலவு. சாகணிலிருந்து மோஷி பக்கத்துப் பெரிய கடைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தால் ஏறத்தாழ அரை லிட்டர் பெட்ரோல், அதாவது 50 ரூபாய்க்கு மேல் ஆகும். நெடுஞ்சாலை நெரிசலில் கழியும் நேரம் தனி. மாதத்தில் ஒரு தடவை, பட்டியலோடு போனால் இந்தச் செலவைத் தாங்கலாம். வாரம்தோறும் போனால் தள்ளுபடி முழுவதும் சாலையிலேயே தீரும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது பொட்டலத்தின் அளவு. 1 கிலோ துவைக்கும் பவுடர் 140 ரூபாய், அருகில் ‘சலுகை விலை’ ஒட்டிய பை 125 ரூபாய் என்று கொள்ளலாம். இரண்டாவது பையின் மூலையில் 850 கிராம் என்று எழுதியிருந்தால், அது கிலோ 147 ரூபாய். முன்பு பிஸ்கட், டீ, சமையல் எண்ணெய், சோப்பு உள்ளிட்ட 19 வகைப் பொருள்களை அரசு வகுத்த நிலையான அளவுகளில்தான் விற்கவேண்டும் என்ற அட்டவணை இருந்தது. 2021-ல் செய்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. எடை எதுவாகவும் இருக்கலாம் என்றானது. 5 ரூபாய், 10 ரூபாய் என்ற விலை அப்படியே இருக்க, உள்ளே இருப்பது கிராம் கிராமாகக் குறைவதற்கு வழி அகலமானது.

அதே திருத்தம் மாற்று மருந்தையும் தந்தது. கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பொட்டலத்தில் அச்சிடவேண்டும் என்று விதித்தது. அந்த எழுத்து சிறியது. பெரும்பாலும் காலாவதித் தேதியின் பக்கத்தில் இருக்கும். மளிகைச் செலவில் கைகொடுக்கக்கூடிய ஒரே எண் அதுதான். தள்ளுபடிப் பட்டையின் பெரிய எழுத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நம்பிக்கையும் எப்போதும் சரியில்லை. ஷாம்புவில் பல பிராண்டுகளின் 1 ரூபாய், 2 ரூபாய் சாஷே, பாட்டிலைவிட மில்லி கணக்கில் மலிவு. எண்ணெயில் லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. 1 லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும். 1 லிட்டர் பையையும் 1 கிலோ பையையும் விலை மட்டும் பார்த்து ஒப்பிடுகிறவர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கணக்கில் விட்டுவிடுகிறார்.

பெட்டிச் செய்தி: பில்லைக் கேட்பவரின் உரிமைகள்

அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதும் குற்றம். பால், தண்ணீர் பாட்டிலுக்குக் ‘குளிர்ச்சிக் கட்டணம்’ கேட்பது இதில் அடங்கும்.

செலவின் ஒரு பகுதியை விலையில் ஏற்றிவிட்டு ‘இலவசம்’ என்று சொல்வது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். மிகக் குறைந்த இருப்பை வைத்துக்கொண்டு பெரிய சலுகை விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதைத் தடுக்க 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகள் வந்தன.

கடையின் பைக்குத் தனிக் கட்டணம் வாங்கிய வழக்கில், அது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

புகாருக்கான தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் மராத்தியிலும் பேசலாம்.

எதை எங்கே வாங்குவது

சாகணில் ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்குகிறவர் ஏதோ சில பொருள்களுக்குக் கட்டாயம் கூடுதல் விலை கொடுக்கிறார். காய்கறிக்கு வாரச்சந்தை, சோப்பு, எண்ணெய், பிராண்டுப் பொருளுக்குப் பெரிய கடை, சில்லறைத் தேவைக்கும் உதிரிப் பருப்புக்கும் தெருமுனைக் கிராணா கடை, தானியத்துக்கு உரிமை இருந்தால் ரேஷன் கடை. இந்த நான்கையும் பிரித்துக்கொள்வதுதான் மாதச் செலவைக் குறைக்கிறது.

சந்தையின் பலம் வெங்காயத்தில் தெரியும். நாட்டின் வெங்காய விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம் ரபி பருவத்தது. மார்ச் முதல் மே வரை அறுவடையாகும். விவசாயிகள் அதைக் காற்றோட்டமான கொட்டகைகளில் சேமித்து அக்டோபர்வரை விற்கிறார்கள். அந்த இருப்பு வற்றி, காரீஃப் வெங்காயம் வரத் தாமதமாகும் செப்டம்பர்–நவம்பர் இடைவெளியில் விலை ஏறும். மழை பயிரைக் கெடுத்த 2019-ன் டிசம்பரில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 டிசம்பரில் மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 மே மாதம்தான் விலக்கியது. வாங்குகிறவருக்கு ஆறுதல் தந்த அந்தத் தடை, இதே கேட் தாலுகாவின் விவசாயிக்கு இழப்பைத் தந்தது. சாகணில் இந்த இரண்டு பேரும் சனிக்கிழமை நேருக்கு நேர் சந்திக்கிறார்கள்.

கோடை வெங்காயம் தோல் காய்ந்தது. காற்றுப்படும் இடத்தில் பரப்பி வைத்தால் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும். மே மாதத்தில் 15 கிலோ வாங்கிப்போடுவது எந்தக் கூப்பனையும்விட லாபம். காரீஃப் வெங்காயம் ஈரம் மிகுந்தது, தங்காது, வாரத் தேவைக்கு மட்டும் வாங்கவேண்டும்.

மராத்திக் குடும்பங்களிடம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. கோதுமை, மிளகாய், மஞ்சள், பருப்பு ஆகியவற்றை அறுவடையை ஒட்டிக் கோடையில் வாங்கி, வெயிலில் காயவைத்து, ஆண்டு முழுவதற்கும் டப்பாக்களில் நிரப்பிவிடுகிறார்கள். மசாலாவையும் அப்போதே அரைத்துவைக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இருந்த பழக்கம்தான். பணிமாற்றத்தில் இடம் மாறும் குடும்பங்களில் விட்டுப்போயிற்று. லாத்தூர்ப் பகுதித் துவரை அறுவடையாகி ஆலைகளில் உடைபட்டு வரும் ஜனவரி–மார்ச் காலம் பருப்பு வாங்க ஏற்றது. கோலாப்பூர் வெல்லத்துக்கும் குளிர்காலம்தான் பருவம்.

அரிசி தமிழ் வீடுகளின் தனிக் கவலை. இங்கே சுலபமாகக் கிடைப்பவை கோலம், இந்திராயணி, ஆம்பேமோஹர். கோலம் அன்றாடச் சோற்றுக்குப் பொருந்துகிறது. மாவள் பகுதியில் விளையும் இந்திராயணி குழையும் இயல்புடையது. பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் நன்றாக இருக்கும், குழம்புச் சாதத்துக்குச் சரிப்படாது. பொன்னியும் இட்லி அரிசியும் வேண்டுமென்றால் பிம்ப்ரி, நிக்டி, தேஹு ரோடு பக்கத்துத் தென்னிந்தியக் கடைகளுக்குப் போகவேண்டும். அங்கே போக்குவரத்துச் செலவும் விலையில் ஏறியிருக்கும். கொங்கணத்துப் புழுங்கலரிசியான ‘உக்டா’ கிடைத்தால் இட்லி மாவுக்கு உதவும். ஊரிலிருந்து ரயிலில் மூட்டை கொண்டுவருவோரும் உண்டு. படுக்கை வகுப்பில் ஒருவர் 40 கிலோவரை கட்டணமின்றிக் கொண்டுவரலாம்.

அரிசி மூட்டையில் ஒரு வரிக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோவரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேற்பட்ட ஒற்றை மூட்டைக்கும், கடைக்காரர் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் உதிரிக்கும் வரி இல்லை. 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்த காரணம் இதுதான். அடிப்படை விலை 1,500 ரூபாய் என்றால் 25 கிலோ மூட்டைக்கு 75 ரூபாய் வரி சேரும். மூன்று குடும்பங்கள் சேர்ந்து பெரிய மூட்டை வாங்கிப் பிரித்துக்கொண்டால் மொத்த விலையோடு அந்த வரியும் மிச்சம்.

2025 செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றம் பற்பசை, சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் வரியை 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. பழைய விலையில் அதே எடை வந்தால் அந்தக் குறைப்பு வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். பழைய பில்லைப் பத்திரப்படுத்துகிறவருக்குத்தான் இது தெரியும்.

எல்லை தாண்டும் ரேஷன்

சாகணில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் உரிமை, ரேஷன். 2019-ல் குஜராத்–மகாராஷ்டிரா, ஆந்திரா–தெலங்கானா என்ற இரு இணைகளில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் அஸ்ஸாமும் சேர, நாடு முழுவதும் வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் குடும்பத்தினர் எந்த மாநிலத்து நியாய விலைக் கடையிலும் விரல்ரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசம். 2024 ஜனவரியிலிருந்து மேலும் 5 ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.

இதில் தமிழ்நாட்டாருக்கு ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்கும் உரியது. அந்தப் பழக்கத்தில், எந்த அட்டையும் வெளி மாநிலத்தில் செல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள். ரேஷன் ஸ்மார்ட் கார்டில் ‘பிஎச்எச்’ (முன்னுரிமை) அல்லது ‘பிஎச்எச்-ஏஏஒய்’ (அந்தியோதயா) என்ற குறியீடு இருந்தால் மட்டுமே சாகணில் தானியம் கிடைக்கும். ‘என்பிஎச்எச்’ (முன்னுரிமை அல்லாதது) என்று இருந்தால் அந்த அரிசி தமிழ்நாட்டு அரசு தன் செலவில் தருவது. மாநில எல்லையோடு நின்றுவிடும். 30 ரூபாய்த் துவரம்பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் அப்படித்தான்.

குடும்பம் ஊரில் இருக்க ஒருவர் மட்டும் இங்கே வந்திருந்தால், அவர் பங்கை இங்கே எடுக்கலாம். மீதியைக் குடும்பம் அங்கே வாங்கிக்கொள்ளலாம். மகாராஷ்டிராவில் அரிசியோடு கோதுமையும் தருவார்கள். அறையில் சப்பாத்தி சுடத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் 5 கிலோ முழுவதும் பயன்படும். கடைக்காரர் மறுத்தால் சொல்லவேண்டிய உதவி எண் 14445. வெளி மாநில அட்டை என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை.

பெட்டிச் செய்தி: மகாராஷ்டிராவின் ரேஷன் வண்ணங்கள்

மஞ்சள் அட்டை வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு. காவி அட்டை, ஆண்டு வருமானம் 15,000 முதல் 1 லட்சம் ரூபாய்வரை உள்ளவருக்கு. வெள்ளை அட்டை அதற்கு மேலே. அதற்குத் தானியம் கிடையாது. 2022 தீபாவளியில் மாநில அரசு 100 ரூபாய்க்கு ரவை, கடலைப்பருப்பு, சர்க்கரை, எண்ணெய் அடங்கிய ‘ஆனந்தாசா ஷிதா’ பையை அறிமுகம் செய்தது.

பத்து நிமிடக் கடை

பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ ஆகிய செயலிகள் புணேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் அன்றாடப் பழக்கமாகிவிட்டன. பொருளின் விலையில் தள்ளுபடி காட்டி, கடைசித் திரையில் டெலிவரி, கையாளுதல், சிறு ஆர்டர் என்று கட்டணங்கள் சேர்கின்றன. 200 ரூபாய் ஆர்டரில் 30 ரூபாய்க் கட்டணம் என்றால் அது 15 சதவீத விலை உயர்வு. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசியில் காட்டுவது, ‘இன்னும் இரண்டு நிமிடம்தான்’ என்று போலி அவசரம் உண்டாக்குவது ஆகியவை அதில் உள்ளன. காய்ச்சல் வந்த நாளில் செயலி உதவிதான். மாத மளிகைக்கு அது ஏற்றதல்ல.

அதிகம் கொடுப்பவர் யார்

மேலே சொன்ன ஒவ்வொரு யோசனைக்கும் ஏதாவது ஒன்று கையில் இருக்கவேண்டும். மொத்தமாக வாங்கக் கையில் பணம், சேர்த்துவைக்க இடம், கெடாமல் காக்கப் பிரிட்ஜ், போய்வர வண்டி, ஓய்ந்த ஒரு நாள். வாடகை அறையில் தங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இவற்றில் பெரும்பாலும் எதுவும் இல்லை. சாகண் தொழிற்பேட்டையின் பல ஆலைகளில் வார விடுமுறை வியாழக்கிழமை, சந்தையோ சனிக்கிழமை. பகல் ஷிப்டில் இருக்கும் வாரத்தில் அவர் சந்தையைப் பார்ப்பதே இல்லை. இரவு எட்டு மணிக்கு அறைக்குப் பக்கத்துக் கிராணா கடையில் கால் கிலோ தக்காளி, 100 கிராம் எண்ணெய், ஒரு பாக்கெட் மசாலா வாங்குகிறார்.

அந்தக் கடைக்காரர் கெட்டவர் அல்ல. சம்பளம் வரும்வரை நோட்டில் எழுதிவைத்துக் கடன் தருகிறவர் அவர் ஒருவர்தான். ஆனால் கடனுக்கு வாங்குகிறவர் விலை கேட்பதில்லை. வேறு கடைக்கு மாறுவதும் இல்லை. அச்சிட்ட அதிகபட்ச விலையில் ஒரு ரூபாயும் குறையாமல் வாங்குவதுதான் அந்தக் கடனுக்கு அவர் கட்டும் வட்டி. பெரிய கடையில் 10 சதவீதத் தள்ளுபடியில் போகும் அதே பருப்பு, குறைந்த சம்பளக்காரர் கைக்கு முழு விலையில் வருகிறது. கூப்பன் பேச்சு இந்த அநீதியை மறைக்கிறது.

இதை உடைக்க ஏற்கெனவே தெரிந்த வழி உண்டு. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ல் சிலர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், ‘டியுசிஎஸ்’ என்ற பெயரில் இன்றும் மளிகை விற்கிறது. மும்பையில் ஆலைத் தொழிலாளர் பகுதியில் 1948-ல் பிறந்த அப்னா பஜாரும் அந்த வழியில் வந்ததுதான். ஒரே வரிசையில் 20 அறைகள் உள்ள சாகணில், 5 அறைக்காரர்கள் மாதம் ஒருமுறை பணம் சேர்த்து 50 கிலோ அரிசி, 15 லிட்டர் எண்ணெய் டின், 10 கிலோ பருப்பு வாங்கிப் பிரித்துக்கொள்ளச் சட்டமோ சங்கப் பதிவோ தேவையில்லை. முதல் மாதம் நோட்டுக் கடனிலிருந்து ஒரு பகுதியை அடைத்தால், இரண்டாம் மாதம் அந்தக் கடைக்காரரிடமே ரொக்க விலை பேசலாம்.

ஆலைகளாலும் உதவ முடியும். ஆயிரக்கணக்கானவர் உள்ளே வரும் வளாகத்தில் வாரம் ஒரு நாள், ஷிப்ட் மாறும் வேளையில் விவசாயிகள் காய்கறி விற்க அனுமதித்தால் போதும். பழங்களும் காய்கறிகளும் 2016 முதல் மகாராஷ்டிராவில் சந்தைக் குழுவின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டவை. கேட் தாலுகாவின் வெந்தயக்கீரை புணே மார்க்கெட் யார்டுவரை போய்த் திரும்பி வரவேண்டியதில்லை.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சாகணிலும் சுற்றுக் கிராமங்களிலும் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டார் தம் ஸ்மார்ட் கார்டை எடுத்துக் குறியீட்டைப் பார்க்கவேண்டும். ‘பிஎச்எச்’ என்று இருந்தால் ஆதாரோடு பக்கத்து நியாய விலைக் கடைக்குப் போய் இந்த மாத 5 கிலோவைக் கேளுங்கள். தெரியாத நண்பருக்கும் சொல்லுங்கள்.